பூட்டுக் குரூப்

கதிர்வேலின் தறிப் பட்டறையில் சேருகிற புது ஆளுக்கு முதலில் தலைவலி வரும். கொஞ்ச நாளில் தலைவலி போய்விடும், அப்புறம் காதும் போய்விடும். முழுசாகப் போகாது, பாதி போகும். மீதியை வைத்துக்கொண்டு வீட்டில் டிவியை அலறவிட்டு, "ஏம்மா இப்படிக் கத்தறீங்க?" என்று பிள்ளைகள் கேட்டால் "நான் எங்கடா கத்தறேன்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

பட்டறைக்குள் காதுக்கு வேலையே கிடையாது. அத்தனை தறியும் ஒரே நேரத்தில் அடிக்கிற அடியில் பக்கத்தில் நின்று கூவினாலும் கேட்காது. அதனால் பெண்கள் சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். எதிர் வரிசைக்காரி உதட்டைப் பார்த்தே முழுக்கதையையும் பிடித்துவிடுவாள். அவசரத்துக்குக் கைச் சாடை. மீசையை முறுக்கிக் காட்டினால் ஓனர் கதிர்வேல் வருகிறார் என்று அர்த்தம். தலையை வாரிக் காட்டினால் மேஸ்திரி நாச்சிமுத்து. அந்த மனுசர் ஓனரின் மச்சினர். ஓமலூரில் உரக்கடை வைத்து நொடித்துப்போய் இங்கே வந்தவர். தறியில் நின்று பழக்கமில்லாதவர். பெண்களின் உதடு அசைந்தால் வெற்றிலை மெல்லுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

மைதிலிக்கு எதிர் வரிசையில் பாவாயி. ஒரு தலைமுறை மூத்தவள் என்றே சொல்லலாம். போர்வெல் வண்டியில் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வடக்கே கிடக்கிற தன் வீட்டுக்காரனைப் பற்றி மைதிலி அழுதது, சிரித்தது, திட்டியது எல்லாமே பாவாயியிடம்தான், எல்லாமே சத்தமில்லாமல்தான். வெளியே வந்து வாய் திறந்து பேசினால் இருவருக்கும் ஏனோ கூச்சமாக இருக்கும்.

அந்தப் பாவாயியைத்தான் போன வாரம் மைதிலி போன் குரூப்பை விட்டுத் தூக்கினாள்.

எல்லாம் ஒரு கேமராவால் வந்த வினை. பட்டறைக்குப் பின்னால் நூல் கோன் அடுக்கி வைக்கிற ஒரு நடை உண்டு. பெண்கள் வீட்டுச் சேலையை அவிழ்த்துப் பழையதைக் கட்டிக்கொண்டு, மேலே ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொள்வது அங்கேதான். தனி அறை என்று எதுவும் கிடையாது. கோன் திருட்டுப் போகிறது என்று சொல்லி ஓனர் அந்த நடையில் ஒரு கேமராவை மாட்டினார். அடுக்கைத்தானே பார்க்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு நாள் டீ நேரத்தில் நாச்சிமுத்து பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, "மைதிலி, ஜாக்கெட்டு கை இடுக்குல அந்த ஒட்டுத் தையலைப் பிரிச்சுப் போட்டு நல்லதா ஒண்ணு தெச்சுக்கக் கூடாதா?" என்றார்.

ஒட்டுத் தையல் சட்டைக்குள் இருந்தது. சட்டையை மாட்டிய பிறகு அதை எவனும் பார்த்திருக்க வழியே இல்லை. மைதிலிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றிலிருந்து அந்த நடையில் நிற்கும்போதெல்லாம் முதுகில் யாரோ கை வைத்த மாதிரியே இருந்தது. தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சேலை மாற்றும்போதுகூட அண்ணாந்து மூலை முடுக்கைப் பார்த்தாள். அந்தக் கேமராவை அங்கிருந்து எடுத்தாக வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை.

எல்லோர் போனிலும் இருக்கிற பச்சை ஆப்பில்தான் முதலில் குரூப் ஆரம்பித்தார்கள். தமிழில் டைப் அடிக்கிற பொறுமை யாருக்கும் இல்லை, எல்லாம் வாய்ஸ்தான். "திங்கக்கெழமை காலைல ஆரும் உள்ள போவ வேண்டாம், கேட்டுலயே நின்னுக்கலாம். கேமராவை எடுத்தாத்தான் தறி ஓடும்" என்று மைதிலி பேசி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒவ்வொருத்தி வீட்டு ஆம்பளைக்கும் ஓனரிடமிருந்து போன் வந்தது. "உங்க ஊட்டம்மா நாளைக்குக் கேட்டுல நின்னா, அப்படியே திரும்பி ஊட்டுக்கு வந்தர வேண்டியதுதானுங்க." திங்கட்கிழமை கேட்டில் நின்றது மைதிலியும் பாவாயியும் மட்டும்தான். கொஞ்ச நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அவர்களும் உள்ளே போனார்கள்.

ஓனருக்கு எப்படித் தெரிந்தது? பழி செல்போன் கடைமேல் விழுந்தது. பட்டறைக்காரர்களுக்குப் போனில் இதை ஏற்று, அதை அழி என்று எல்லாம் செய்து கொடுப்பது நாச்சிமுத்துவின் சொந்தக்காரர் கடை. அவர் கை பட்ட போனில் என்ன ரகசியம் தங்கும் என்று பெண்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மைதிலியின் அக்கா மகள் இனியா வந்தாள். திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படிக்கிறவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு வேறொரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள்.

"இது லாபத்துக்கு நடத்தறது இல்லீங்க சித்தி. இதை எப்படிச் செஞ்சிருக்கறாங்கன்னு உலகத்துல ஆரு வேணும்னாலும் பிரிச்சுப் பாத்துக்கலாம். ஆனா நீங்க பேசறது உங்களுக்கும் கேக்கறவங்களுக்கும் மட்டுந்தான். நடுவுல ஆருக்கும் கேக்காது."

"எல்லாரும் பிரிச்சுப் பாக்கறதுல என்ன சாமி ரகசியம்?"

"பூட்டு எப்படிச் செய்யறதுன்னு ஊருக்கே தெரியட்டுமே. சாவி உங்க கையிலதான இருக்குது."

மைதிலிக்கு அது பிடித்துப்போனது. பேசியது ஒரு நாளில் தானாக அழிந்துவிடும் என்று கேட்டதும் இன்னும் பிடித்துப்போனது. அன்று சாயங்காலம் பொழுதோடவே வீடு வீடாக ஏறி இறங்கி ஒவ்வொருத்தி போனிலும் அவளே ஏற்றிவிட்டாள். பச்சையை அழித்துவிடச் சொன்னால் பேரன் போட்டோ போய்விடும், ஒறம்பரைச் சொந்தம் கோபித்துக்கொள்ளும் என்று ஆளுக்கொரு பாட்டு. சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும், பட்டறைப் பேச்சு மட்டும் இதில் என்று ஒப்புக்கொள்ள வைத்தாள். பெண்கள் அதற்குப் பூட்டுக் குரூப் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பாவாயி மட்டும் முணுமுணுத்தாள். "இருக்கறதையே எனக்கு ஒழுங்கா அமுக்கத் தெரியல. பட்டறைல வெச்சு வாய்ல சொல்லிப் போடு சாமி, நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்குவீங்க. கடைசி வரிசைக்காரிக்கு ஆருங்கக்கா சொல்றது?" என்று மைதிலி போனைப் பிடுங்கி ஏற்றிவிட்டாள்.

பூட்டுக் குரூப்பில் போட்ட முதல் திட்டம், திங்கட்கிழமை நாமக்கல்லுக்குப் போய்க் கலெக்டரிடம் மனுக் கொடுப்பது. சனிக்கிழமை நாச்சிமுத்து டீக் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே, "திங்கக்கெழமை நாமக்கல் பஸ்ஸுல கூட்டம் ஏறும்ங்கறாங்களே? ஏறறவங்க அப்படியே அங்கயே வேலை தேடிக்குங்க" என்றார். ஒருத்தியும் பஸ் ஏறவில்லை.

மைதிலிக்குத் தலை சுற்றியது. பூட்டு உடையாது என்று இனியா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். போனில் கேட்டதற்கும் அதையேதான் சொன்னாள்: "ஆப்புல ஓட்டை இல்லீங்க சித்தி. ஆராவது ஆளுதான் போய்ச் சொல்லியிருக்கோணும்." பூட்டு சரி என்றால் ஆள் சரியில்லை. யார் அந்த ஆள்? பச்சையில் பேசியபோது இந்தக் கேள்வி வரவே இல்லை. பழியைக் கடைக்காரர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். இப்போது மைதிலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தோசைக் கல்லில் மாவை ஊற்றிவிட்டுப் பேர் பேராக யோசித்தாள், தோசை கருகியது. யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். வைத்த கை மறுபடியும் எடுத்தது.

கடைசியில் எல்லாக் கணக்கும் பாவாயியிடம் போய் நின்றது. புது ஆப் வேண்டாம் என்றவள் அவள் ஒருத்திதான். அவள் அண்ணன் மகன்தான் ஓனருக்கு வேன் ஓட்டுகிறான். போதாதா? மைதிலி போனை வாயருகே பிடித்து, எல்லோரும் கேட்கிற குரூப்பிலேயே கேட்டுவிட்டாள். "பாவாயக்கா, மனசத் தொட்டுச் சொல்லுங்க. உங்க அண்ணன் பையன் காதுல நீங்க எதாச்சும் போட்டீங்களா?"

மறுநாள் பாவாயி தறிக்கு மேலாக மைதிலியைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "என்னையா கேட்ட?" மைதிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் பாவாயியைக் குரூப்பை விட்டு நீக்கினாள். அதற்கப்புறம் பாவாயி எதிர் வரிசையில் நின்றுகொண்டே இல்லாமல் போய்விட்டாள். தறியைப் பார்ப்பாள், நூலைப் பார்ப்பாள், மைதிலியைப் பார்க்க மாட்டாள். அந்தப் பட்டறையில் பார்க்காதவளிடம் பேச ஒரு வழியும் இல்லை.

வியாழக்கிழமை காலை மைதிலி அடுப்படியில் நின்றபடி ஒரு வாய்ஸ் அனுப்பினாள். இனிமேல் நாள் நட்சத்திரம் பார்த்துத் திட்டம் போடுவதில்லை, அன்றைக்கே முடித்துவிடுவது என்று முடிவு. அனுப்பிவிட்டு அவசர அவசரமாகச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, முத்தாயம்மாளையும் கூட்டிப் போகலாம் என்று அவள் தெருவுக்குள் திரும்பினாள். முத்தாயம்மாள் கடைசி வரிசைத் தறிக்காரி. மைதிலி கிழித்த கோட்டைத் தாண்டாதவள்.

தெருமுனை டீக்கடையை நெருங்கும்போது எங்கோ யாரோ சண்டை போடுகிற மாதிரி இருந்தது. பெண் குரல், நல்ல கட்டைக் குரல். இரண்டு எட்டு வைத்ததும் மைதிலியின் பாதிக் காதுக்கே வார்த்தை புரிந்தது.

"...டீ மணி அடிச்சதும் நான் போயி மெயினை எறக்கிப் போடறேன். தறி நின்னதும் எல்லாரும் நடைக்கு வந்துருங்க..."

அது அவள் குரல். முத்தாயம்மாள் வீடு இன்னும் நாலைந்து வீடு தள்ளி இருந்தது. நடுவில் ஒரு தென்னையும், ஒரு மாட்டுக் கொட்டகையும், ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. எல்லாவற்றையும் தாண்டி வந்து குரல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. "ஆருக்கும் தெரியக் கூடாது. காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கோணும்" என்று தெரு முழுக்க முழங்கிவிட்டு நின்றது.

டீக்கடைக் குணசீலன் மைதிலியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க, வாங்க. அந்த வாய்ஸு நீங்கதானுங்களா? தெனமும் காலைல உங்க நியூஸைக் கேட்டுட்டுத்தான் நான் பாலையே அடுப்புல வெக்கறனுங்க."

பெஞ்சில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். ஒளிந்து கேட்கவில்லை, ஒட்டுக் கேட்கவில்லை. தினமும் குடிக்கிற டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். மைதிலியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, தலையை ஒரு தரம் வாரிக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

"என்ன புள்ள, பேயடிச்ச மாதிரி நிக்கற?" என்று முத்தாயம்மாள் வாசலிலிருந்து கத்தினாள். அவளுக்கு அது பேச்சு.

"வாய்ஸ எப்படி வெச்சுக் கேக்கறீங்க?"

"மெதுவாத்தான வெக்கறேன்! காதுகிட்டப் புடிச்சாத்தான் எனக்கே கேக்குது!"

மைதிலி அவள் போனை வாங்கிப் பார்த்தாள். சத்தம் கடைசிவரைக்கும் ஏற்றி வைத்திருந்தது. தன் போனை எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியேதான். உலகத்தில் எவனாலும் உடைக்க முடியாத பூட்டைப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு மைக் செட் வைத்துத் தெருவுக்கு ஒப்பித்திருக்கிறார்கள். பச்சையானால் என்ன, பூட்டானால் என்ன! பாவாயி போய்ச் சொல்லவும் இல்லை, போய்ச் சொல்ல வேண்டிய தேவையும் யாருக்கும் இல்லை. கேட்டில் தன்கூட நின்றவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போதுதான் மைதிலிக்கு உறைத்தது. அந்த நாளை எப்படி மறந்தேன் என்று தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நடக்கப் பொறுமையில்லாமல் பட்டறைக்கு ஓடினாள்; முத்தாயம்மாள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

உள்ளே தறிகள் ஓட ஆரம்பித்திருந்தன. நாச்சிமுத்து மெயின் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாவாயி தன் தறியில் குனிந்திருந்தாள்.

மைதிலி தன் தறிகளை ஓடவிட்டுவிட்டு எதிர் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நூல் அறுந்தது, முடிந்தாள். மறுபடியும் பார்த்தாள். பாவாயி நிமிரவில்லை. கையை ஆட்டினாள். நிமிரவில்லை. பொறுக்க முடியாமல் தன் தறிகளின் கைப்பிடியை ஒவ்வொன்றாகத் தள்ளி நிறுத்திவிட்டு வரிசையைச் சுற்றிக்கொண்டு போய் பாவாயியின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அக்கா, என்ற மேலதான் தப்பு" என்று உதட்டை அசைத்தாள்.

பாவாயி கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் காதைப் பொத்துவதை அங்கே கண்ணால் செய்யலாம். மூடிய கண்ணோடு அவள் கை மட்டும் தறி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மைதிலிக்கு அழுகை முட்டியது. வேறு வழி இல்லாமல் வாய் திறந்து கத்தினாள். "அக்கா!" தறிச் சத்தம் அதை விழுங்கியது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் கத்தினாள். முகத்தில் மூச்சுக் காற்றுப் பட்டோ என்னவோ, பாவாயி கண்ணைத் திறந்தாள். எரிச்சலோடு தன் தறியைத் தள்ளி நிறுத்தினாள்.

"என்னங்கற இப்ப?"

அடுத்த தறிக்காரிக்கு இவர்கள் இரண்டு பேரும் வாய் திறந்து பேசுவது தெரிந்தது. ஒரு வாரமாக முகம் பார்க்காதவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் இருக்க முடியுமா? அவளும் தறியை நிறுத்தினாள். அவள் நிறுத்தியதைப் பார்த்து அவளுக்கு அடுத்தவள். மெயினை நிறுத்தி, எல்லோரையும் கூட்டி, போராட்டம் செய்ய வேண்டும் என்று மைதிலி போட்ட திட்டம் மெயின் பெட்டியிலேயே முடங்கிக் கிடந்தது. இந்தச் சண்டையைக் கேட்பதற்கு வரிசை வரிசையாகத் தறி நின்றது. முத்தாயம்மாள் கடைசி வரிசையையே நிறுத்திவிட்டு வந்து நின்றாள். நாச்சிமுத்து மெயின் பெட்டியைக் கட்டிக் காத்தபடி உட்கார்ந்திருந்தார். மெயினில் கரண்டு இருக்கத்தான் செய்தது. பட்டறையில் ஒரு தறி ஓடவில்லை.

அந்த அமைதியில் மைதிலியின் குரல் அவளுக்கே பயமாக இருந்தது. ஆனாலும் குறைக்கத் தெரியவில்லை.

"பாவாயக்கா ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லல! நாந்தான் சொன்னேன்! நாம வாய்ஸு வெச்சுக் கேக்கறது டீக்கடை வரைக்கும் கேக்குது, இன்னைக்கு என்ற காதால கேட்டுட்டு வாரேன்! எல்லாத்து முன்னாலயும் வெச்சு அக்காவைக் கேட்டுப் போட்டேன், அதனால எல்லாத்து முன்னாலயும் சொல்றேன்! தப்பு என்றதுங்க!"

கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. பாவாயியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நாச்சிமுத்து அப்போதுதான் எழுந்து ஓடி வந்தார். "ஏ, என்ன கூத்து இது? ஆரு தறியை நிறுத்தச் சொன்னது? போங்க, போங்க!"

ஒருத்தியும் போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் தறி நின்ற பட்டறையில் அவர் குரல் எவ்வளவு கீச்சுக் குரல் என்று எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டார்.

பாவாயி மைதிலியைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தாள். நடையில் ஒரு கோன் பெட்டியை இழுத்துப் போட்டு, மூட்டு வலிக்க ஏறி நின்றாள். மேலே போட்டிருந்த ஆம்பளைச் சட்டையைப் பொத்தான் பொத்தானாகக் கழற்றினாள். கழற்றிய சட்டையைக் கேமராவின் மேல் மாட்டி, கைகள் இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டாள். அப்புறம் நடையின் பக்கக் கதவோரம் வந்து, வெளியே சாலை தெரிகிற இடத்தில் நின்றுகொண்டாள். பெண்கள் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து நடையை அடைத்துக்கொண்டார்கள்.

"எறக்கு அதை! எறக்குங்கறேன்!" என்று நாச்சிமுத்து கத்தினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிற தைரியம் அவருக்கு இல்லை.

மைதிலிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஓனர் வந்து எல்லோரையும் போகச் சொன்னால்? நாளைக்கு எவள் வீட்டு அடுப்பு எரியாமல் போனாலும் தன்னால்தானே? கூட்டத்துக்கு மேலாகப் பாவாயியைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்கப்புறம் பாவாயியும் அவளைப் பார்த்தாள். ஒரு தறிகூட ஓடவில்லை, வாய் திறந்தே பேசியிருக்கலாம். பாவாயி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"உன்ற மேல கோவம் இன்னும் தீரல."

மைதிலி தலையாட்டினாள்.

"என்ன? என்ன சொல்லுது அந்தப் பொம்பளை?" என்று நாச்சிமுத்து ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஒருத்தியும் அவருக்குச் சொல்லவில்லை.

பாவாயி சாலையை எட்டிப் பார்த்தாள். கை மேலே போய் இல்லாத மீசையை முறுக்கியது. பிறகு உதடு மறுபடியும் அசைந்தது.

"ஓனர் வாரான். இப்பக் கத்து புள்ள."

கதிர்வேல் காரை விட்டு இறங்கிக் காலைத் தரையில் ஊன்றுவதற்குள் மைதிலி ஆரம்பித்துவிட்டாள். சங்ககிரி ரோட்டில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.